பாசலிலிருந்து வந்த பவுசர்

நொஷாட்டல்
12 செப்டெம்பர் 2022

அன்புள்ள தம்பி சயன்,

நீயும் நிரஞ்சினியும் சுகம்தானே? அவளுக்கு மாதம் நெருங்குகிறது, பாரம் தூக்க விடாதே.

போனில் கேட்டால் நீ பகிடி விட்டே சமாளித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இரும்புக் குளோரைட்டு என்ற மருந்து முடியப்போகிறது. வழக்கமாகத் தருகிற கொம்பனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. அது கலக்காமல் தண்ணீரை விட்டால் ஓடை முழுக்கப் பாசி பிடித்து நாறும். மருந்து வாங்குவது என் பொறுப்பு. கேட்ட இடமெல்லாம் கையை விரிக்கிறார்கள்.

அவசரமாக வாங்க நகரசபை அனுமதித்திருக்கிறது. உன்னிடம் கேட்கப்போவதையும், நீ என் தம்பி என்பதையும் சொல்லிவிட்டேன். உங்கள் இரசாயனக் கொம்பனியில் ஒரு பவுசர் வண்டி நிறையக் கிடைக்குமா? சரக்குச் சுத்தமாக இருக்கவேண்டும். எங்கள் தொட்டியில் அழுக்கைத் தின்னும் பற்றீரியாக் கிருமிகள் இருக்கின்றன. பிழையானது போனால் அவை செத்துவிடும்.

உன் அக்கா,
பவதாரணி

பாசல்
15 செப்டெம்பர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

சரக்கு இருக்கிறது. திங்கட்கிழமை பவுசர் வரும். சோதனை அறிக்கை பின்னால் வரும். அதற்காகக் காத்திருந்தால் வேறு நகரசபை கொண்டுபோய்விடும். என்னை நம்புங்கோ. ஒருக்கா வந்து நிரஞ்சினியைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? உங்கள் கையால் மீன்குழம்பு வேண்டுமாம்.

அன்புத் தம்பி,
சயன்

நொஷாட்டல்
3 ஒக்டோபர் 2022

அன்புள்ள சயன்,

நீ போனை எடுப்பதில்லை. நடந்ததைக் கேள்.

அந்தச் சரக்கு உலோகத் தொழிற்சாலை ஒன்றின் கழிவாம். செம்பு கலந்திருக்கிறது. இரண்டாம் நாளே தொட்டி சாம்பல் நிறமாகிப் பிண நாற்றம் அடித்தது. பற்றீரியா எல்லாம் செத்து, அழுக்குத் தண்ணீர் அப்படியே ஓடைக்குப் போனது. கீழே ரொசே என்பவரின் மீன்பண்ணை. ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் செத்த மீன்களை வலையால் அள்ளிக்கொண்டே இருந்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

தம்பிக்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று நகரசபை விசாரணை வைக்கிறது. அன்று பவுசரின் குழாயைத் தொட்டியில் பூட்டும்போது உனக்குப் போன் எடுத்தேன். "சோதிச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம் அக்கா, பாத்தாச்சு. பயப்பிடாமல் இறக்குங்கோ" என்றாய். விசாரணைக்கு வந்து அதை மட்டும் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா,
பவதாரணி

பாசல்
20 ஒக்டோபர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். முகம் உங்களைப்போலவே என்கிறாள் நிரஞ்சினி. விசாரணைக்குக் கட்டாயம் வருகிறேன். யோசிக்காதேங்கோ.

சயன்

நொஷாட்டல்
11 நவம்பர் 2022

சயனுக்கு,

விசாரணை மண்டபத்துக்குள் நீ வந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. குழந்தைக்கு வாங்கிய சட்டை என் கைப்பையில் இருந்தது.

சோதிக்காத சரக்கு என்று அக்காவுக்கு முன்னமே சொன்னேன், அவதான் அவசரப்பட்டு இறக்கச் சொன்னா என்று நீ உங்கள் ஊர் டொச் மொழியில் சொன்னாய். மொழிபெயர்த்தவள் அதையே பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பொய்யை நான் இரண்டு தரம் கேட்கவேண்டியிருந்தது.

இல்லை என்றேன். எவரும் நம்பவில்லை. சொந்தத் தம்பி எதற்குப் பொய் சொல்லப்போகிறான் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள்.

விசாரணை முடிந்து போகும்போது வாசலில் என் கையைப் பிடித்து, "முதலாளி வெளியில நிக்கிறார் அக்கா. எனக்குப் பிள்ளை இருக்கு. நீங்கள் தனியாள்தானே" என்றாய். சட்டையைக் கொடுக்காமலே கையை உருவிக்கொண்டு நடந்தேன்.

வேலை போய்விட்டது. ரொசே பண்ணையை மூடிவிட்டார். ஓடையில் இன்னும் மீன் இல்லை. பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

சட்டையைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குழந்தை ஒரு பிழையும் செய்யவில்லை. வளர்ந்தபின் மாமியான என்னைப் பற்றி அவள் கேட்டால் உன்னால் உண்மை சொல்ல முடியாது. பொய்யும் சொல்லவேண்டாம். அப்படி ஒருத்தி இருந்தாள் என்றே அவளுக்குத் தெரியவேண்டாம்.

பவதாரணி