விழுந்த கோது

செப்டம்பர் 8, ஞாயிறு
இவ்வளவு பிந்தித் திறக்கிறேன், கோபிக்காதே கொப்பியே. குழந்தை ஜெனாட் இப்போதுதான் தூங்கினாள். கீழே பேஸ்மென்றில் என் மனுசன் றொய்சனின் துவக்கு. தோட்டா ஏத்தும் பிடியை இழுத்துப் பழகுகிறார்: மேலே, பின்னே, முன்னே, கீழே. மருந்தில்லாத டம்மித் தோட்டாக்கள்தான். ஆனாலும் அந்தச் சத்தம்.

கூட வேலை செய்யும் கிருபன் அண்ணையோடு அடுத்த மாதம் வடக்கே கரடி வேட்டைக்குப் போகிறார். "முதல் வெடிக்கு விழாட்டி அது எங்களிட்டைத்தான் வரும். யோசிக்க நேரமில்லையப்பா. கை தானா அடுத்ததை ஏத்தவேணும்" என்கிறார்.

செப்டம்பர் 11
கீழே உடுப்புத் தோய்க்கப் போட்டுத் திரும்புகிறேன், ஜெனாட்டின் வாயில் ஒரு டம்மி! சோபாவுக்கடியில் உருண்டு கிடந்திருக்கிறது. றொய்சனிடம் கத்திவிட்டேன். "ஒண்டு விழுந்தா உடனை எடுங்கோ. பொக்கற்றிலை போட்டிட்டு மற்றதை ஏத்துங்கோ."
"ஓம் கொமாண்டர்" என்று சல்யூட் அடித்தார்.

செப்டம்பர் 24
கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்கிறார். தரையில் ஒன்றுகூடக் கிடப்பதில்லை. நிம்மதி.

அக்டோபர் 5
வெளியே உண்மைத் தோட்டாவில் சுட்டுப் பழகிவிட்டு இருவரும் சாப்பிட வந்தார்கள். கிருபன் அண்ணைக்கு ஒரே சிரிப்பு. "தங்கச்சி, உம்மடை மனுசன் ஒரு வெடி வைச்சிட்டுக் குனிஞ்சு விழுந்த தோட்டாக் கோதைப் பொறுக்கிறான்! கரடி என்ன, பாத்துக்கொண்டு நிக்குமே?"
"எனக்குத் தெரியாமலே கை போகுதண்ணை" என்று றொய்சனும் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. அந்தக் கையைப் பழக்கியது யார்?

அக்டோபர் 8
சொல்லிவிட்டேன். "போகாதேங்கோ. இல்லாட்டி உந்தக் குனியிற பழக்கத்தை மறந்திட்டுப் போங்கோ."
"அங்கை உண்மையான கரடியெல்லோ. கை குனியாது, பயப்பிடாதையும்."
இருபது தரம் செய்து காட்டினார். படியில் நின்று பார்த்தேன். பதினான்கு தரம் குனிந்தார். அவருக்கு அது தெரியவே இல்லை.

அக்டோபர் 12
விடியவே போய்விட்டார்.

அக்டோபர் 15
காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து மெசேஜ்: "நேற்றுப் பொழுதுபடச் சுட்டனான். காயத்தோடை ஓடீற்றுது. இப்ப காட்டுப் பத்தைக்குள்ளை தேடிப் போறம். மத்தியானம் போன் எடுக்கிறன்."

இரவு பத்தரை ஆகிவிட்டது. நான் எடுத்தால் இருவரின் போனும் அடிக்கவில்லை. பொலிசுக்குச் சொல்லியாயிற்று, விடிந்ததும் தேடுவார்களாம். நான் அனுப்பியது இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"கோது கிடக்கட்டும். குனியாதேங்கோ. நான்தான் பிழையாச் சொன்னனான். இதைக் கண்டவுடனை ஒரு பதில் போடுங்கோ."