ஐந்து பானைகளும் வாப்பாவும்

குண்டசாலை
ஞாயிறு

அன்பு மகள் ரிப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படியேறும்போது முழங்கால் முனகுகிறதே தவிர, அல்ஹம்துலில்லாஹ் நான் நல்ல சுகம். உன்னையும் மருமகனையும் பிள்ளை ஜஹானாவையும் அந்தக் குளிரில் அல்லாஹ் சுகமாக வைத்திருப்பான் என்று நம்பி எழுதுகிறேன். ஃபோன் இருக்கக் கடிதம் என்னத்துக்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுதோ கத்தியோ என் வாயை அடைத்துவிடுவாய். பக்கத்து வீட்டு சப்னா லண்டன் வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். முழுதும் வாசி, பிறகு கோபப்படு.

முதலில் உனக்கு ஒளித்ததைச் சொல்கிறேன். வாப்பாவின் சாம்பல் என்னிடம் இருக்கிறது. கொரோனா நேரம் அவர் ஆசுபத்திரியில் வபாத்தாகி, கொரோனா மையித்தெல்லாம் எரிக்கத்தான் வேண்டும் என்ற அரசாங்க உத்தரவில் எங்களிடம் கேட்காமலே எரித்துவிட்டு, இரண்டு கிழமை கழித்து சாம்பலை வந்து எடுங்கள் என்று சொன்னார்களே, அப்போது நீ அங்கிருந்து ‘கையெழுத்து வைக்காதீங்க உம்மா, எடுத்தா நாங்க சம்மதிச்ச மாதிரி ஆகிடும்’ என்று அழுதாய். உன் தம்பி ஷிஹாபும் அதையே சொன்னான். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கண் கிளினிக் என்று பொய் சொல்லி த்ரீவீலில் தனியாகப் போய் வாங்கி வந்தேன். எரித்ததற்கு நான் கையெழுத்து வைக்கவில்லை, என் மனுசனைத் திரும்ப வாங்கியதற்கு வைத்தேன். ஐந்து வருடமாக அவருடைய வெள்ளைச் சாரனில் சுற்றி, அலுமாரியில் சாரிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மண்ணில் வைக்க வேண்டியவரை உங்கள் இருவருக்கும் பயந்து அலுமாரியில் வைத்தேன். அந்தப் பயம் போன மாதத்தோடு போய்விட்டது.

போன மாதம் ஷிஹாப் பின்வளவில் புது டொய்லட்டுக்குக் குழி வெட்ட ஹந்தானையிலிருந்து மேசன் யுகேஷ் பாஸைக் கூட்டி வந்தான். நாலடி போனதும் ஒரு தட்டைக் கல், அதைப் புரட்டினால் பானை, பானைக்குள் கரியும் எலும்பும். யுகேஷ் மண்வெட்டியை வைத்துவிட்டு, ‘இது யாரோ செத்தவங்கம்மா, நா இனிமே வெட்டமாட்டேன்’ என்று மேலே ஏறிவிட்டான். ஷிஹாபோ ‘ஒருத்தருக்கும் சொல்லாம மூடி கொங்கிரீட் போட்டுடுவோம், தொல்பொருள்காரங்க வந்தா காணி எங்கட கையில நிக்காது’ என்று குதித்தான். அவன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை, நாட்டு நடப்பை நானும் பார்க்கிறேன். ஆனால் யாரோ ஒருத்தருடைய மையித்துக்கு மேல் கக்கூஸ் கட்ட என் வளவில் நான் விடமாட்டேன் என்று சொல்லி, நானே கிராம சேவகர் ஜீ.எஸ்.ஸுக்கு ஃபோன் பண்ணினேன். அன்றிலிருந்து உன் தம்பி என்னோடு கதைப்பதில்லை, சாப்பிட மட்டும் நேரத்துக்கு வருகிறான்.

தொல்பொருள் திணைக்களத்திலிருந்து தோண்ட வந்தவர்களுக்குப் பொறுப்பானவள் நிரோஷா, ஹேவாஹெட்ட தோட்டத்துப் பிள்ளை, படித்து இந்த உத்தியோகத்துக்கு வந்தவள். நான் குழியோரம் கதிரை போட்டுக் குடையோடு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். சின்னத் தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் மண்ணை எடுத்து மொத்தம் ஐந்து பானை கண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இது எங்கள் பரம்பரை, இல்லை எங்கள் பரம்பரை என்று வாய்த்தர்க்கம் பண்ண, நிரோஷா சிரித்துக்கொண்டு ‘உங்க ஆளுங்களும் இல்ல, எங்க ஆளுங்களும் இல்ல, அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி’ என்றாள். எழுத்தே வராத காலத்து ஆட்களாம். எரித்து முடித்து, எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி, கால் எலும்பு அடியில், தலை எலும்பு மேலே, ஆளை இருத்துகிற மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். மூடியிருந்த கல்லும் இந்தப் பக்கத்துக் கல் இல்லை, ஆற்றிலிருந்து யாரோ சுமந்து வந்தது என்றாள். எனக்கு நெஞ்சு கொதித்தது மகள். எரிப்பது அவர்கள் வழக்கம், தங்கள் ஆளைத் தாங்களே கூட நின்று எரித்து, தங்கள் கையால் மண்ணில் வைத்தார்கள். எங்கள் வழக்கத்தை ஒருத்தரும் கேட்கவில்லை, வாப்பாவுக்குப் பக்கத்தில் ஒருத்தரை நிற்கவும் விடவில்லை. எலும்புகளைக் கொண்டுபோகும் அன்று, எந்தப் பெட்டியில் எது, எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதித் தந்தால்தான் கேற்றைத் திறப்பேன் என்றேன். நிரோஷா மறுபேச்சில்லாமல் எழுதித் தந்தாள். காணி எங்களிடம்தான் இருக்கிறது, டொய்லட் குழியை மட்டும் மறுபக்கம் வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாளே பள்ளிவாசல் தலைவர் ஜவாஹிர் ஹாஜியாரிடம் போனேன். வாப்பாவை அடக்க மையவாடியில் இடம் தருகிறேன் என்றார், அல்லாஹ் அவருக்கு நன்மை செய்யட்டும். ஆனால் ‘விடிய சுபஹுக்குப் பிறகு நாலு பேரோட சத்தமில்லாம முடிச்சிடுவோம் தாத்தா’ என்று, கூடப்பிறந்த அக்காவிடம் சொல்கிற மாதிரி சொன்னார். வாப்பாவைக் கொண்டுபோனதும் சத்தமில்லாமல்தான், திரும்பவும் அப்படி வேண்டாம் என்றேன். ஜும்ஆவுக்குப் பிறகு, சனம் நிறைந்திருக்கும்போது, பள்ளி ஸ்பீக்கரில் அறிவித்தல் கொடுத்துத்தான் அடக்க வேண்டும். சாரனில் சுற்றியதை மையவாடி வாசல்வரை நான்தான் கொண்டுவருவேன். கடைசியில் ‘சரி, உங்கட இஷ்டம், வபாத்தான திகதியை மட்டும் வாசிக்காம விடுவோம், பழசைக் கிளறின மாதிரி போகும்’ என்றார். திகதி இல்லாமல் ஜனாஸா அறிவித்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பேனாவை எடுத்துத் திகதியைக் குறித்துக்கொண்டார்.

வருகிற மாதம் முதல் வெள்ளி. வரக் கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் இங்கே பகல் ஒரு மணி, உனக்குக் காலை ஏழரை, ஜஹானாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு துஆக் கேள். பிள்ளைக்கு ஓதல் பாடத்தை விட்டுவிடாதே, குளிருக்குக் காதை மூடி அனுப்பு. உன் வீட்டில் றஹ்மத்தும் பறக்கத்தும் குறையாமல் இருக்கட்டும், ஆமீன். அறிவித்தலை நானே எழுதி மேசையில் வைத்தேன். ஷிஹாப் எடுத்து வாசித்தான், இன்னும் கதைக்கவில்லை, ஆனால் அந்த வெள்ளிக்கு லீவு போட்டிருக்கிறான். நீயும் வாசி. ‘குண்டசாலையைச் சேர்ந்த தாஸிம் மாஸ்டர் இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு டிசம்பர் ஒன்பதாம் திகதி வபாத்தானார். அன்னார் பாயிஸாவின் கணவரும், ரிப்கா, ஷிஹாப் ஆகியோரின் தந்தையும் ஆவார். நல்லடக்கம் இன்று ஜும்ஆவுக்குப் பிறகு.’ உன்னைக் கேட்காமல்தான் உன் பெயரைப் போட்டேன். வெட்டச் சொன்னாலும் வெட்டமாட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
பாயிஸா தாஸிம்