பபூன் தங்கப்பொண்ணு

வடபழனி,
12.2.2024

தங்கப்பொண்ணுக்கு,

கண்ணுச்சாமி எழுதுவது. நீயும் மகள் தமிழ்வாணியும் சுகமென நம்புகிறேன். போனில் பேசினால் என்ன என்று நினைப்பாய். தொண்டையில் கட்டி, தைப்பூசத்துக்கு முன்பு ஆபரேஷன் ஆனது. இப்போது வெறும் காற்றுதான் வருகிறது.

பதினெட்டு வருடத்தில் நாற்பது படம். எல்லாவற்றிலும் கதாநாயகனின் நண்பனிடம் அறை வாங்குகிற ஆள் நான். போன வாரம் வந்த படத்தில் எவனோ எனக்குக் குரல் கொடுத்திருக்கிறான். தியேட்டரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

களைத்துவிட்டேன். பரவைக்கு வரலாமா?

கண்ணுச்சாமி

பரவை,
20.2.2024

தமிழ்வாணி அப்பாவுக்கு,

கடிதம் பார்த்துத் தமிழ்வாணி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் நாடகம் ஆடிவிட்டு வந்த அலுப்பு.

"ஒரு படம் முடிச்சிட்டு வாரேன்" என்று ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினீர்கள். அந்தப் பங்குனிக்கு நம் இருவருக்கும் பதினொரு நாடகம் பேசியிருந்தது. பபூன் நீங்களும் டான்ஸ் நானும் ஜோடியாக இருந்தால்தானே கூப்பிடுவார்கள்? "வேற பபூன்கூட ஆடு தாயி" என்றார் நாடக நடிகர் சங்கத்து வெள்ளைத்துரை அண்ணன். மனசு வரவில்லை. உங்கள் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நானே பபூனாக ஏறினேன். முதல் ஊரில், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேஷம்" என்று மண்ணை அள்ளி எறிந்தார்கள். நாலாவது ஊரில் சிரித்தார்கள். இப்போது நோட்டீசிலேயே பபூன் தங்கப்பொண்ணு என்றுதான் போடுகிறார்கள்.

டிவியில் உங்களை அறையும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கோபமெல்லாம் தேய்ந்துவிட்டது. ஆனால் எதற்கு வருகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

தங்கப்பொண்ணு

வடபழனி,
27.2.2024

தங்கப்பொண்ணுக்கு,

நீ பபூனாக ஆடுவது எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் ஷூட்டிங்குக்காக மதுரை வந்தபோது, காளவாசலில் உன் நோட்டீஸைப் பார்த்தேன். அலங்காநல்லூர்ப் பக்கம் நாடகம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்தேன். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. "கண்ணுச்சாமியெல்லாம் இவகிட்ட நிக்க முடியுமா மாப்ள" என்றான் பக்கத்தில் இருந்தவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமைதான் வந்தது. உன்னைப் பார்க்காமலே சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

அவன் சொன்னது நிஜம். குரல் இருந்தபோது இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

எதற்கு என்று கேட்டாய். படுக்க ஓர் இடம் வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், முதலில் அதுதான். அப்புறம், உன் ஆட்டத்தை ஒருமுறை ஒளியாமல் பார்க்க வேண்டும்.

கண்ணுச்சாமி

பரவை,
6.3.2024

தமிழ்வாணி அப்பாவுக்கு,

அலங்காநல்லூரில் அன்றைக்கே என் முன்னால் வந்து நின்றிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன், சோறும் போட்டிருப்பேன். இப்போது திட்டத் தெம்பில்லை.

வாருங்கள். எனக்குப் புருஷனாக வேண்டாம். அந்தக் கணக்கெல்லாம் முடிந்துபோனது. தமிழ்வாணிக்கு அப்பாவாக வாருங்கள். முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வருவாள். பங்குனி முழுக்க எனக்கு நாடகம். ஒன்றையும் விட மாட்டேன்.

பதினேழாம் தேதி சோழவந்தான் பக்கம் ஆடுகிறேன். வந்து உட்காருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வராவிட்டால், எனக்காகச் சிரிக்க வேண்டாம்.

தங்கப்பொண்ணு