மில் சந்திலோ அதன் அருகிலோ

மில் சந்து,
நெதர் மார்லிங்.
வியாழன், நவம்பர் 13

அன்புள்ள ஹிலரி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. பெரில் அத்தைகூட இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு முன்னைவிட வேகமாக நடக்கிறாள், வேகமாகப் பேசவும் செய்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். அவள் உனக்கு எழுதுவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

டெர்ரி இங்கே இருக்கிறான். நம் அப்பாவின் வீட்டில், கார் கொட்டகைக்கு மேலே அவர் ரேடியோ பழுது பார்ப்பாரே, அந்த அறையில். மே மாதத்திலிருந்து.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. முழுவதும் படி.

ஏப்ரலில் நன்னடத்தை அலுவலர் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள். டெர்ரியின் மூன்றாவது சிறைவாசம் முடியப்போகிறது, மீதி ஒரு வருடத்தை வெளியில் நிபந்தனையோடு கழிக்கலாம், அதற்கு நிலையான முகவரி ஒன்று வேண்டும், அவர் உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனை முதன்முதலில் போலீசில் பிடித்துக் கொடுத்தவனே நான்தான் என்று அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். "அவர் வேற பேரே சொல்லலை, சார்" என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எந்தத் தேதி என்று கேட்டுவிட்டேன். ஏன் என்று நீ கேட்காதே, எனக்கும் தெரியாது. அப்பாவின் கடைசி நான்கு வருடமும் இந்த வீட்டில் தனியாக யார் இருந்தார்கள் என்பதைப் பற்றி நான் இந்தக் கடிதத்தில் எதுவும் சொல்வதாக இல்லை.

ஆள் பாதியாகிவிட்டான். ஐம்பத்திரண்டு வயது, பார்த்தால் என்னைவிட மூத்தவன் மாதிரி இருக்கிறான். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்கிறான். சிறையில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சோறு போட்டுவிடுவார்களாம், அந்த நேரத்துக்கு அவனுக்குப் பசிக்கிறது. கேட்கமாட்டான், அடுப்படிப் பக்கம் வந்து சும்மா நிற்பான். இப்போது நானும் ஐந்து மணிக்கே சாப்பிடுகிறேன், வயதானவர்கள் விடுதியில் இருப்பதுபோல. கூடத்தில் அப்பாவின் பாரோமீட்டர் தொங்கிய இடத்தில் சுவரில் வெளிறிய வட்டம் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறான். அவன்தானே எடுத்துக்கொண்டு போய் விற்றான், திருப்பிக்கொள்ளட்டும். நீ அவனிடமிருந்து விவாகரத்து வாங்கி ஒன்பது வருடம் ஆகியும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான். கூப்பிடாதே என்று ஒரு முறை சொன்னேன். சரி மச்சான் என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அவன் மறுபடி சிறைக்குப் போக இருந்தான். அவன் எதுவும் செய்யவில்லை. செய்தது டாஃப்னி குரூம்.

டாஃப்னியை உனக்கு ஞாபகம் இருக்கும், குதிரை வளர்ப்பாள், தேவாலயத்தில் பூ வைக்கும் முறைக்கு அடித்துக்கொள்வாள். அக்கம்பக்கக் காவல் குழுவுக்கு அவள்தான் தலைவி. போன மே மாதம் ஊர்ச் சபைக்கும் தலைவி ஆகிவிட்டாள். அந்தப் பதவிக்கு நானும் நின்றேன். எனக்கு விழுந்த ஓட்டு இரண்டு, அதில் ஒன்று என்னுடையது. இருபது வருடம் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த ஊர் கொடுத்த மரியாதை அது.

காவல்துறையின் இணையதளத்தில் குற்ற வரைபடம் என்று ஒன்று உண்டு. எந்தத் தெருவில் எத்தனை குற்றம் என்று புள்ளி வைத்துக் காட்டும். வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். டாஃப்னி அதைப் பெரிதாக அச்சடித்து ஊர் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டாள். மே முதல் செப்டம்பர் வரை பதினான்கு சிவப்புப் புள்ளி. எல்லாம் ஒரே இடத்தில், நம் வாசலுக்கு நேரே. கீழே 'மில் சந்திலோ அதன் அருகிலோ' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அங்கே ஒன்றும் இல்லை. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் நம் ஊர் மாவட்டத் தலைநகரத்தையே மிஞ்சுகிறது என்று அவள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் இருப்பது இருநூற்றி அறுபது பேர். இங்கே ஒருவர் தும்மினால் அவள் கணக்கில் நான்கு பேர் தும்மியதாக ஆகும். அது யாருக்குப் புரிகிறது?

அந்த முகவரி அவன் குடியிருக்கத் தகுந்தது அல்ல என்று நன்னடத்தை அலுவலருக்கு ஒரு மனு எழுதி, ஊர்க் கூட்டத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். முகவரி போனால் அவனுக்கு வேறு முகவரி கிடையாது. நேராகச் சிறைதான். கூட்டத்துக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், இரண்டு பையில் தன் சாமான்களைக் கட்டிக் கதவருகே வைத்திருந்தான். "எனக்காகப் போய்ச் சண்டை போடாதீங்க மச்சான், உங்க பேருதான் கெடும்" என்றான். கெடுவதற்கு இந்த ஊரில் எனக்கு என்ன பேர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பக்கத்து வீட்டு மோரிஸ் டிப்ஸையும் காரில் ஏற்றிக்கொண்டேன். மோரிஸை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். மனைவி இறந்துபோனவர். கேட்காமலேயே என் கூரைத் தண்ணீர்க் குழாயை வருடா வருடம் சுத்தம் செய்து கொடுப்பார். கோடையில் அவரைக்காய், குளிரில் லீக்ஸ் வெங்காயம், வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இந்த ஊரில் என் வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஒரே ஆள். தேர்தலில் எனக்கு விழுந்த அந்த இன்னொரு ஓட்டு யாருடையது என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும்.

மண்டபம் நிறைந்திருந்தது. டாஃப்னி பேசினாள். "நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. மே மாசத்துக்கு முன்னாடி புள்ளி இல்ல, அப்புறம் இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்றது." எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் எழுந்து முதலில் வரைபடத்தை விளக்கினேன். எந்த வீட்டில் நடந்தது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காகப் போலீசார் சுற்றுவட்டத்தில் நடப்பதையெல்லாம் அருகில் இருக்கும் ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் முழுவதற்கும் அந்தப் பொதுப் புள்ளி நம் சந்து, அதனால் அங்கே குற்றம் நடந்தது என்று அர்த்தமே இல்லை என்றேன். பண்ணையில் நான்குசக்கர மோட்டார் சைக்கிள் திருடு போனதும், சாலைச் சந்திப்பில் பழைய சிற்றாலயத்துத் தொட்டியிலிருந்து, கட்டடத்தைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு போனதும், நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக் கண்ணாடி உடைந்ததும் இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று எடுத்துச் சொன்னேன். மூன்றும் நடந்த நேரத்தில் டெர்ரி விடுதலை நிபந்தனைப்படி போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு அத்தாட்சி உண்டு.

டாஃப்னிக்கு ஒன்று தெரியும், எண்ணத் தெரியும். "அது மூணு ஆச்சு வாத்தியாரே. மீதி பதினொண்ணு?"

அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கலாம். தெரியவில்லை என்று சொன்னால் போதும். கையெழுத்து விழுந்திருக்கும், டெர்ரி பையைத் தூக்கியிருப்பான், எனக்கும் இந்த ஊருக்கும் பழையபடி போயிருக்கும்.

"மீதி பதினொண்ணும் நான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. பதினொன்றும் குற்றம் இல்லை, புகார், சமூகத் தொல்லை என்ற தலைப்பில் நான் போலீசுக்கு அனுப்பியவை, புகாருக்கும் அந்த வரைபடத்தில் புள்ளி விழும் என்று விளக்கினேன். மே மாதம் வரை என் புகார்களை ஊர்ச் சபைக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். டாஃப்னி தலைவி ஆன பிறகு அவளிடம் மனு போட்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் போலீசின் இணையதளத்துக்குப் போனேன். மே மாதத்தில் ஊருக்குள் புதிதாக வந்தது டெர்ரி மட்டும் இல்லை.

மதுக்கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டார், "என் தோட்டத்துல பாட்டு வைக்கிறதுக்குப் போலீஸ் வந்தது உன்னாலயா?" ஆமாம், மூன்று முறை என்றேன். டாஃப்னி தன் மகனின் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டாள். நான்கு என்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஒன்றும் வருத்தமாக இல்லை, ஹிலரி. அந்தப் பையன் நடு ராத்திரியில் ஓட்டுகிறான்.

மோரிஸ் எதுவும் கேட்கவில்லை. பதினொன்றில் ஏழு போனால் மீதி எத்தனை என்று தெரியாதவர் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. அவர் தோட்டத்தில் இலைதழையைப் போட்டு எரிப்பார், புகை நேராக என் படுக்கையறைக்கு வரும். ஜூலையில் ஒரு காவலர் வந்து அவரை எச்சரித்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து, யார் சொல்லியிருப்பார்கள் என்று மோரிஸ் நொந்துகொண்டார். டாஃப்னியாக இருக்கும் என்றேன் நான்.

அதற்குப் பிறகு யாரும் கையெழுத்துப் போடவில்லை. போடக்கூடாது என்று முடிவு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். என்னைத் திட்டுவதில் மனுவை மறந்துவிட்டார்கள். டாஃப்னி அதைக் கிழிக்கவில்லை, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து பார்த்தால் மோரிஸ் என் காரருகே இல்லை. மழையில் நடந்தே போயிருக்கிறார்.

வீட்டில் டெர்ரி விளக்குகூடப் போடாமல் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மேலே போ, இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றேன். ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். இன்னொன்று இன்னும் கதவருகேதான் இருக்கிறது.

ஞாயிறு

இதை வியாழனன்றே அஞ்சலில் போட்டிருக்க வேண்டும். தபால் தலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசை இழுப்பறை நிறையத் தபால் தலை இருக்கிறது.

இன்று காலை பின்பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் நடந்து மூன்று வாரமாகிறது, மோரிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை, வாசலில் லீக்ஸும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் கூட்டிக்கொண்டிருப்பது கேட்டது. இரண்டு பேரும் கூட்டினோம். கொஞ்ச நேரத்தில் அவர் சத்தம் நின்றது.

"லென்" என்றார். "வேலிக்கு மேல ஒரு குரல் குடுத்திருந்தா அணைச்சிருப்பேனேப்பா. முதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. உள்ளே போய்விட்டார். கூட்டிய இலையை எரிக்கவில்லை, சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். நாலு சாக்கு.

இதே வாக்கியத்தை நீயும் எனக்கு எழுதியிருக்கிறாய். விமான நிலையத்திலிருந்து, நீயும் குழந்தை இமோஜெனும் கிளம்பிய அன்று. டெர்ரி பாரோமீட்டரை எடுத்தது தெரிந்த அன்றே நான் போலீசுக்குப் போனேன், அவர்கள் உன் வீட்டைச் சோதனை போட்டபோது மற்றவர்கள் வீட்டுச் சாமான்களும் அகப்பட்டன, பிள்ளை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே அண்ணா' என்று ஒற்றை வரி எழுதியிருந்தாய். அது திமிர் பிடித்த வரி என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். திருட்டு திருட்டுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. புகையும் என் அறைக்குள்தான் வந்தது. ஆனால் மோரிஸின் வரியும் உன் வரியும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். டெர்ரி இரண்டு முறை வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனான், கேட்காமலேயே.

அவன் ஒரே ஒரு முறைதான் உங்களைப் பற்றிக் கேட்டான். "இமோஜென் இப்ப என்ன உயரம் இருப்பா, மச்சான்?" மாமாவாக இருந்துகொண்டு எனக்கும் தெரியவில்லை. என் தோளுக்கு இருப்பாள் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அப்போதிருந்து என் தோளை அடிக்கடி பார்க்கிறான்.

நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது. அடுத்த மே வரை அவனுக்கு இந்த முகவரி வேண்டும். அதற்குப் பிறகும் இருந்தால் எனக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் இது உனக்கும் அப்பாவின் வீடு, உன்னைக் கேட்காமல் வைத்திருப்பது சரி இல்லை. கேட்பதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன்.

அங்கே தென்கோளத்தில் இப்போது கோடை தொடங்கியிருக்கும். நீங்கள் இருவரும் நலமாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். முடிந்தால் இமோஜெனின் உயரத்தை மட்டும் எழுது, வேறு எதுவும் எழுத வேண்டாம். அவன் இங்கே இருப்பது உனக்குச் சம்மதம் இல்லை என்றால் பெரில் அத்தைக்கோ, அந்த அலுவலருக்கோ, டாஃப்னிக்கோ எழுதிவிடாதே, ஹிலரி. முதலில் என்னிடம் சொல்.

உன் அண்ணன்,
லெனார்ட்