யார் கைக்கு அளவு

2025 நவம்பர் 8, சனி

சைக்கிளுக்கு ஃப்ரேம், சக்கரம், கியர் எல்லாம் வாங்கியாயிற்று. பாக்கி ஸ்டெம் ஒன்றுதான். ஹேண்டில்பாரை முன்னால் பிடித்திருக்கும் விரல் நீளத் துண்டு. நீளமாக இருந்தால் ஹேண்டில் தள்ளிப் போகும், குட்டையாக இருந்தால் கிட்டே வரும். அவ்வளவுதான் சங்கதி. அதற்கு இவர் ஒரு வாரமாக வீடியோ பார்க்கிறார்.

ஆசை என்னவோ என்னுடையது. அம்மாவைப் பார்க்கப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், திருப்பதி ரோட்டில் குனிந்துகொண்டு பறக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து முப்பத்தெட்டு வயதில் வந்த ஆசை. ஆனால் என் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் கண்ணில் பட்டால் எதுவும் 'நம்ம'தாகிவிடும். நம்ம ஃபிரிட்ஜ், நம்ம சைக்கிள்.

நவம்பர் 9, ஞாயிறு

திருப்பதியில் முனிகிருஷ்ணன் கடை. "மெட எந்த சைசு போடலாம் சார்?" என்றார். தெலுங்கில் கழுத்து. ஸ்டெம்முக்கு அவர் கடையில் அதுதான் பேர். டேப்பை எடுத்துக்கொண்டு நேராக இவரிடம் போனார். தோள், கை, முதுகு. இவரும் தையற்கடையில் நிற்கிறமாதிரி கைகளை நீட்டிக்கொண்டு நின்றார். நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்.

"நூத்தி இருவது மில்லி போட்டுடலாம்," என்றார் கடைக்காரர்.

"நான் குள்ளமாச்சே," என்றேன், யாருக்கும் கேட்காத குரலில். இவருக்குக் கேட்டது.

"சீட்ட எறக்கிக்கினா போச்சி ரேகா. நம்ம வண்டிதானே, ரெண்டு பேரும் ஓட்டிக்கலாம்."

சீட் இறங்கும். ஹேண்டில் கிட்டே வருமா? கேட்கவில்லை. கடையில் நாலு பேர் எதிரில் வேண்டாமே என்று. சரி, திரும்பும்போது கேட்டிருக்கலாமே? பஸ்ஸில் கண்டக்டர், "ஈ பண்டி எவரிதி?" என்று கேட்டார், வண்டி யாரோடது என்று. "மனதே," என்றார் இவர். நம்மதுதானாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 13, வியாழன்

இவர் குப்பத்தில் கிரானைட் கம்பெனி சூப்பர்வைசர். சனி ராத்திரி வருவார், திங்கள் விடியலில் கிளம்புவார். தினமும் காலையில் புத்தலப்பட்டு ரோட்டில் வண்டியை மிதிக்கிறவள் நான். ஆறு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு. மெட மட்டும் அவர் அளவு!

முழங்கையை மடக்கவே முடியவில்லை. உடம்பு பாரமெல்லாம் உள்ளங்கையில்.

நவம்பர் 15, சனி

கழுத்து வலிக்குத் தைலம். ஆள்காட்டி விரல் நுனியில் ஏதோ குறுகுறுப்பு. இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 19, புதன்

மூணு குத்து. மூணு!

லேபில் பத்து வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். நரம்பைக் கண்ணால் தேடுகிறவள் இல்லை நான், ஆள்காட்டி விரலால் தேடுகிறவள். சர்க்கரை டெஸ்டுக்கு வரும் வரலட்சுமியம்மா என்னைத் தவிர யாரிடமும் கையை நீட்டமாட்டார். இன்றைக்கு அந்த அம்மா கையைத் தொட்டால் விரலில் ஒன்றுமே தெரியவில்லை. துணி சுற்றித் தொடுகிறமாதிரி இருந்தது.

மூணாவது தடவை அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, உன் கையி இன்னிக்கி உன்கிட்ட இல்லியே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன். இந்தக் கையை நம்பித்தான என் பொழப்பே ஓடுது? ஒரு சைக்கிளுக்காக இத்த தொலைச்சிக்குவனா? சைக்கிள் வேணாம்னு விட்டுடலாமா?

ஏன் விடணும்? தப்பு சைக்கிள்ல இல்லியே.

நவம்பர் 22, சனி

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகத் திருப்பதி போனேன். "எனக்கு அளவு எடுங்க," என்றேன்.

முனிகிருஷ்ணன் டேப்பைத் தேடிக்கொண்டே, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"நீங்கதான் டேப்ப எடுத்துக்கினு அவர்கிட்ட போனீங்க."

மனிதர் சிரித்துவிட்டார். எண்பது கொடுத்தார். போல்ட்டுகளை ஒரே பக்கம் இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். வீட்டில் நானே மாட்டிவிட்டேன். இவர் வர நேரமாயிற்று. சொல்லவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் ஏறினார், தெருமுனைகூடப் போகவில்லை, திரும்பிவிட்டார். "இன்னா ரேகா, ஹேண்டில் வயித்துல முட்டுது?"

"எண்பது போட்டுட்டேன்."

"என்ன ஒரு வார்த்த கேக்காமயா?"

"என்ன கேட்டீங்களா நீங்க?"

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். "நம்ம வண்டின்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார் கை கழுவும்போது. சுருக்கென்றது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அப்புறம் வரலட்சுமியம்மாவைப் பற்றி, விரலைப் பற்றி எல்லாம் சொன்னேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து நுனியை அமுக்கி, "இது தெரியுதா? இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

அவர் கேட்கவில்லை என்று பதினாலு நாள் இந்த நோட்டில்தான் எழுதியிருக்கிறேன். அவரிடம் ஒரே ஒரு தடவை, அதுவும் முணுமுணுத்திருக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

கழற்றி வைத்த நூற்றிருபதைக் காணோம். பையில் போட்டுக் குப்பத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். எதற்கோ!

டிசம்பர் 10, புதன்

வரலட்சுமியம்மா. ஒரே குத்து. "வந்துடுச்சிம்மா உன் கையி," என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

காணிப்பாக்கம் வரை ஓட்டினேன். இவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே, தண்ணீர் பாட்டிலோடு. கோயிலுக்குச் சற்று முன்னால் டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பையன் டம்ளரை வைத்துவிட்டுச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எவரிதண்ணா ஈ பண்டி?"

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் பதில் தெரியுமே.

"மா ஆவிடதி," என்றார். என் வீட்டம்மாவோடது.

பையன் இவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று என்னைக் கேட்டான்.

"சீட்ட வேணும்னா ஏத்திக்கோ," என்றேன். "ஹேண்டில் என் அளவு."