சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது

மழை சற்று விட்டதும் கேமரா பையை வெயிலில் வைக்கலாமென்று எடுத்தேன். ஜிப்பைத் திறந்ததுமே தும்மல் வந்தது. மிளகாய் வத்தல் நெடி. நீ போய் இத்தனை வருடங்களான பிறகும் அதன் மடிப்புகளில் உன் ஆரியசாலைக் கடையின் தூசி மிச்சமிருக்கிறது. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மலையாள நகரத்தின் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவன் நான். நீ உன் அப்பாவுக்குப் பின் வத்தல், மல்லி மொத்தக் கடையைப் பார்த்துக்கொண்டவன். ஒரு கல்யாண வீட்டில் படமெடுப்பவருக்குப் பின்னால் நின்று, அவர் கையிலிருந்த கேமராவையே இருவரும் வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் நமக்குள் பேச்சு தொடங்கியது. அந்த மாதிரி ஒன்றைத் தனியாக வாங்க இருவருக்குமே துணிவில்லை.

"பாதி நீ, பாதி நான். ஒரு வாரம் உன் வீட்டுல, ஒரு வாரம் என் வீட்டுல. சம்மதம்னா கையைக் கொடுடே" என்றாய்.

அதுவரை சந்தைக்கு வந்ததிலேயே மிக நுணுக்கமாகப் படமெடுப்பது என்று எல்லோரும் சொன்ன கேமரா. வாங்கிய பிறகுதான் அதன் பிடிவாதம் தெரிந்தது. பழைய கேமராவில் நன்றாகவே வந்த என் படங்கள் இதில் கலங்கித் தெரிந்தன. கை இம்மி அசைந்தாலும் காட்டிக்கொடுத்தது. அதை நிறுத்தி வைக்க முக்காலி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. நம்மிடமிருந்த லென்ஸ் எதுவும் அதற்குப் போதாது. ஒரு படத்தைத் திறப்பதற்குள் என் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும். வத்தல் தூசி உள்ளே போய், எடுத்த வானத்திலெல்லாம் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன.

இதே கேமராவை வாங்கியவர்கள் கூடிப் புலம்புவதற்கு இணையத்தில் ஓர் இடம் இருந்தது. நீ அங்கே இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய்: "இது எங்க பெரியத்தை மாதிரி. வீட்டுக்குள்ள கால் வச்சா குத்தம் மட்டும்தான் கண்ணுல படும்." எங்கோ தூர தேசத்திலிருந்து ஒருவர், தன் மாமியாரும் அப்படித்தான் என்று பதில் போட்டிருந்தார். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஆனாலும் நாம் அதைப் பழகிக்கொண்டோம். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைபடும் தேங்காயை எடுக்க எத்தனை காலைகள் போனோம்! சில்லும் நீரும் அந்தரத்தில் நிற்க, ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்த அந்த ஒரு படம் உனக்குக் கிடைத்தபோது, நடுத்தெருவில் என்னைக் கட்டிப்பிடித்தாய்.

பிறகு புது லென்ஸ் வாங்கினோம். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையின் மாடியில், ஜன்னல் ஓரம் நீ உட்கார்ந்தாய். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தாய். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். ஒவ்வொரு இமை முடியும் தெரிந்தது. கருவிழிக்குள் ஜன்னல், முக்காலி, அதற்குப் பின்னால் குனிந்து நிற்கும் நான்.

"எடேய், என் கண்ணுக்குள்ள நீ நிக்கே பாரு!"

இன்னும் பெரிதாக்கியபோது நான் சொன்னேன்: "வெள்ளை முழி கொஞ்சம் மஞ்சளா இருக்கே."

"அது இந்தச் சனியனோட குணம்டே. அன்னைக்கு அம்பலத்துல எடுத்ததெல்லாம் மஞ்சளா வரலியா? கலர் செட்டிங் சரியில்ல, கேட்டியா." மவுஸை உன் பக்கம் இழுத்து, கண்ணில் மட்டும் மஞ்சளைக் குறைத்தாய். "இப்ப பாரு. ஹீரோ அல்லே?"

ஹீரோதான் என்றேன். நிஜமாகவே அழகாக இருந்தாய்.

சில மாதங்களில் உன் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஓயாமல் கையைச் சொறிந்தாய், கொசு என்றாய். பித்தநாளத்தில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, யார் பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு மஞ்சள் ஏறியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, திருத்தாத அந்தப் படத்தைத் திறந்தேன். சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவரும் வெள்ளைதான். கேமராவின் நிறம் பிசகியிருந்தால் அவையும் மஞ்சளடித்திருக்க வேண்டும். நம் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் அன்று நாம் கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டே மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த நீயே பேச்செடுத்தாய்.

"கேமரா கரெக்டாத்தான் சொல்லிச்சு, இல்லியாடே?"

"அப்பவே டாக்டரைப் பார்த்திருந்தா..."

"நானும் கேட்டாச்சு. அப்ப வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அவருக்கும் சொல்லத் தெரியல. நீ அதையே நெனச்சிட்டுக் கெடக்காத." ஜன்னல் பக்கம் திரும்பினாய். "நல்ல வெளிச்சம். இது என் வாரம் அல்லே? கேமரா எங்க?"

கொண்டுவரவில்லை. அது உன்னை எப்படிக் காட்டுமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மறுமுறை எடுத்து வந்தபோது உன்னால் எழுந்து உட்கார முடியவில்லை. பையைக் கட்டிலருகே வைத்தேன். அதன் மேல் கையை வைத்தபடி தூங்கிப்போனாய்.

காரியங்கள் முடிந்ததும் உன் மனைவி பையை என்னிடமே தந்துவிட்டாள். மாலை போட்டு மாட்ட அவள் தேர்ந்தெடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம்தான். நீ திருத்தியது. உன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதற்கு எதிரேயுள்ள நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

"இதுல ஒரு அசுகமும் இல்லாம நல்லா இருக்காங்க, அல்லே அண்ணா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? திருத்தாத படம் என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதை அழிக்கவும் மனமில்லை, மறுபடி திறந்து பார்க்கவும் தைரியமில்லை.

டாக்டருக்கே தெரியாதது எனக்கு எங்கே தெரியப்போகிறது? நெனச்சிட்டுக் கெடக்காத என்று நீ சொன்னதை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

இப்போதும் தெரிந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்கோ பெண் பார்ப்பதற்கோ படம் கேட்டு வருகிறார்கள். முகத்தைக் கொஞ்சம் சரிசெய்து தரச் சொல்கிறார்கள். நான் எதையும் தொடுவதற்கு முன் அவர்கள் பக்கம் திரும்பி, "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்கிறேன். பேச்சுக்குக் கேட்பதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.