ஆறு வெள்ளைக் கோட்டுகள்

என்னங்க,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று முறைக்க வேண்டாம். நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் பட்டன் வாங்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, கடையில் உங்கள் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

விசா வந்துவிட்டது. தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்று, கை இன்னும் வீங்கியிருக்கிறது. சம்பளமே இல்லாத வேலைக்கு இவ்வளவு கெடுபிடி! நான் போகிற அந்த வெளிநாட்டு மலைக்கிராமத்தில் பிரசவம் பார்க்க என்னையும் சேர்த்து இரண்டே நர்சுகளாம்.

உங்கள் பிரஷர் மாத்திரை சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சின்னவள் ஞாயிறுதோறும் வந்து பார்ப்பாள். அவளிடம் வள்ளென்று விழாதீர்கள்.

காலையில் பெட்டியை எடை போட்டேன். ஒன்றரை கிலோ கூடுதல். பிரித்துப் பார்த்தால், நீங்கள் தைத்து வைத்த வெள்ளைக் கோட்டுகள் ஆறு. நான் கேட்டது மூன்று.

முப்பது வருடமாக ஆஸ்பத்திரிக்குத் தைக்கிறீர்கள். "நர்ஸ் கோட்டா? வருஷத்துக்கு மூணு. துவைச்சுத் துவைச்சு அதுக்கு மேல தாங்காது" என்று எல்லாரிடமும் சொல்வீர்கள். ஒரு வருடம் போய்விட்டு வருகிறேன் என்றுதானே நான் உங்களிடம் சொன்னேன்?

யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்கமாட்டேன். தெரிந்தும் ஒரு வார்த்தை பேசாமல், உட்கார்ந்து ஆறுக்கும் பட்டன் காஜா எடுத்திருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எடை குறைய, சால்வையையும் புத்தகங்களையும் வெளியே எடுத்துவிட்டேன். கோட்டு ஆறும் பெட்டியில்தான் இருக்கிறது.

சாயங்காலம் வந்ததும், "எத்தனை வருஷம்?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன்.

உங்கள்
நர்சம்மா